திருப்புளி மாலதி

மாலதி எலக்ட்ரிகல் இன்ஜினீயரிங் முடித்தபோது அவளுக்கு இருபத்தொரு வயசு. அதற்கப்புறம் ஆறு வருஷம் அவள் "படிச்சிட்டிருக்கா". அவள் அம்மா அமராவதி ஊருக்குச் சொன்ன பதில் அது. புவனகிரி கடைத்தெருவில் யார் மறித்து "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டாலும், அமராவதி காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு "படிச்சிட்டிருக்கா" என்பாள். "இன்னுமா?" என்று கேட்கிறவர்களுக்கு, "பெரிய படிப்பு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

அதில் பொய் இல்லை. மாலதி தினமும் ஒன்பதரை பஸ்ஸில் சிதம்பரத்துக்குப் போய், ஒரு கிளை நூலகத்தில் உட்கார்ந்து, குரூப் ஃபோருக்கும் குரூப் டூவுக்கும் மின்வாரியத் தேர்வுக்கும் படித்தாள். நாலு தடவை எழுதினாள். ஒரு தடவை ஒன்றரை மார்க்கில் போனது. அந்த ஒன்றரை மார்க்கைப் பற்றி வீட்டில் பேசிப் பேசி, அது ஏதோ சொந்தக்காரப் பையன் பேர் மாதிரி ஆகிவிட்டது.

அந்த நூலகத்தில் அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். திட்டக்குடிக்காரன் சிலம்பரசன், பி.காம். சித்தி வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். உலகத்தில் எதைப் பற்றியும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு. பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஜெய்னப், பி.எஸ்.சி பிசிக்ஸ். யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம். குடிகாட்டுக்காரன் லூர்துசாமி, ஐ.டி.ஐ ஃபிட்டர். கான்ட்ராக்ட் வேலை முடிந்து, அக்கா வீட்டில் இருந்தான். ஒரு நாளைக்கு அவன் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம். ஆறு மாசமாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தும், "அந்தப் பேப்பரைக் குடுங்க" என்பதைத் தாண்டி யாரும் யாரோடும் பேசியதில்லை.

மே மாசத்தில் ஒருநாள் படிக்கும் அறையின் ஃபேன் நின்றது. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி ஒரு வாரமாகியும் ஆள் வரவில்லை. எட்டாம் நாள் நூலகர் அப்துல் வதூது, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாலதியின் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, நீ இன்ஜினீயர்தானே?"

"ஆமாம் சார்."

"எலக்ட்ரிகல்?"

"ஆமாம் சார்."

"ஃபேன் எலக்ட்ரிகல்தானே?"

மாலதி நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். அறையில் இருந்த பதினாறு பேரும் அவளைப் பார்த்தார்கள். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்திருந்தாள். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று பதினாறு மார்க்குக்கு எழுதி, படம் போட்டு, பாகம் குறித்திருந்தாள். கடைசி வருஷ ப்ராஜெக்டை மட்டும், எல்லோரையும் போல, கடையில் ரெடிமேடாக வாங்கியிருந்தாள். ஆனால் ஒரு ஃபேனைத் தன் கையால் தொட்டதில்லை. வீட்டில் ஃபேன் துடைப்பதுகூட அம்மாதான்.

"பாக்கறேன் சார்" என்று வாய் சொல்லிவிட்டது.

ஃபோனில் வீடியோ பார்த்ததில் கெபாசிட்டர் போயிருக்கும் என்று தெரிந்தது. மேலவீதிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் போய், "டூ பாயின்ட் ஃபைவ் மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இருக்குங்களா?" என்று கேட்டாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஃபேன் கண்டன்சர்னு கேளும்மா. நான் ஏதோ ராக்கெட்டுக்குக் கேக்கறேன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

மெயினை அணைத்தார்கள். மேஜை மேல் ஸ்டூல் போட்டு ஏறினாள் மாலதி. சிலம்பரசன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "சிவப்ப செவப்போட சேருங்க" என்று யோசனை சொன்னான். மேலே இருந்த எந்த ஒயரும் சிவப்பு இல்லை. அரை மணி நேரம் கழித்து ஸ்விட்சைப் போட்டபோது ஃபேன் ஜம்மென்று சுற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டி முடித்தும் வியர்வை மட்டும் நிற்கவில்லை.

"சுத்துது. காத்தக் காணமே" என்றார் அப்துல் வதூது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அதுவரை அந்த அறையில் குரலே எழுப்பாத லூர்துசாமி சொன்னான்: "ரிவர்ஸ்ல சுத்துது."

அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அது. காற்று முழுக்க மேலே போய், கூரையில் பல வருஷமாகப் படிந்திருந்த ஒட்டடை பொலபொலவென்று பொது அறிவுப் புத்தகங்கள் மேல் விழுந்தது. மாலதி மறுபடி ஏறி இரண்டு ஒயரை இடம் மாற்றினாள். காற்று வந்தது. வாழ்க்கையில் ஒன்றரை மார்க் கூடுதலாக வாங்கியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. பஸ்ஸில் போகும்போது கையில் ஒட்டியிருந்த கிரீஸை மோந்து மோந்து பார்த்தாள். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

லைப்ரரியில் ஒரு பெண் ஃபேன் ரிப்பேர் பண்ணுது என்ற செய்தி மெதுவாகப் பரவியது. காசு வாங்குவதில்லை என்ற செய்தி படு வேகமாகப் பரவியது. ஒரு அங்கன்வாடி டீச்சர் வந்தார், ஒரு தொடக்கப் பள்ளி ஹெச்.எம் வந்தார். மாலதிக்குத் தனியாகப் போக பயம். எதிரே இருந்த மூன்று பேரையும் கேட்டாள்.

"நமக்கு வேலை கெடைக்கல. சரி. ஆனா நமக்கு வேலையும் தெரியாது. அதையாவது கத்துக்குவோமே. சாமான் அவுங்க வாங்கிக் குடுக்கட்டும், உழைப்பு நம்மளது. சனிக்கிழமை மட்டும்."

சிலம்பரசன், "இது நல்ல ஐடியா, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான். லூர்துசாமி தலையாட்டினான். ஜெய்னப் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"போன ஒடனே நமக்குத் தெரியாதுன்னு சொல்லிடணும். அப்பறம் தப்பாப் போனா ஏமாத்திட்டாங்கன்னு பேரு வரக்கூடாது."

அதனால் எங்கே போனாலும் வாசலிலேயே நின்று மாலதி ஒப்பிப்பாள்: "எங்களுக்கு இந்த வேலை சரியாத் தெரியாதுங்க. கத்துக்கத்தான் வந்திருக்கோம். கெட்டுப்போச்சுன்னா நாங்களே தெரிஞ்ச ஆளக் கூட்டியாந்து சரி பண்ணிக் குடுத்துடுவோம்." பள்ளிக்கூட ஹெச்.எம் இதைக் கேட்டுவிட்டு, "இப்படிச் சொல்ற ஆள நான் சர்வீஸ்ல மொத தடவை பாக்கறேன், உள்ள வாங்க" என்றார்.

கெட்டுப்போகத்தான் செய்தது. அங்கன்வாடியில் லைட் ஸ்விட்சைப் போட்டால் காலிங் பெல் அடித்தது. குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் சரி பண்ணப் போனபோது டீச்சர் தடுத்துவிட்டார். "வேணாம் விடுங்க. எவனாச்சும் அழுதா லைட்டப் போடறேன், நிறுத்திடறான்." பள்ளியில் இரண்டு குழாய் மாற்றினார்கள், மூன்றாவது ஒழுக ஆரம்பித்தது. லூர்துசாமிக்கு மட்டும்தான் உண்மையில் கை வேலை தெரியும் என்பது மூன்றாம் சனிக்கிழமை வெளியே வந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலியே" என்றான். ஆனால் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வராது. செய்து காட்டுவான், "இப்டி" என்பான். அந்த "இப்டி"யை உடைத்து, எந்தக் கை, எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம் என்று வார்த்தையாக்குவது மாலதியின் வேலையாயிற்று. ஜெய்னப் அதையெல்லாம் நோட்டில் எழுதினாள். கெட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் எழுதினாள். நோட்டில் சிவப்புதான் ஜாஸ்தி.

புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு ஊர். இந்தக் கதையை எழுதும்போது ஊராட்சித் தலைவர் புஷ்பவள்ளி, "என் பேர வேணா போட்டுக்க, ஊரு பேரப் போடாத. ஊருக்கு மானம் இருக்கு" என்று சொன்னதால் ஊரின் பெயர் வேண்டாம். அங்கே பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள்களை யாரோ கழட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டியிருந்தது. நாலு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுத் தர மாலதி குழு போனது. அந்தச் சனிக்கிழமை லூர்துசாமி வரவில்லை, குடிகாட்டில் அவன் மாமா வீட்டுக் கல்யாணம். ட்ரில்லிங் மிஷின் சிலம்பரசன் கைக்குப் போனது.

மூன்று கதவு நன்றாக அமைந்தது. அந்த உற்சாகத்தில் நாலாவதற்கு அவன் சுவரில் போட்ட ஓட்டை தேவைக்கு மேல் இரண்டு இஞ்ச் ஆழமாகப் போய்விட்டது. "ஆழமா இருந்தா நல்லாப் புடிக்கும்" என்றான். மாலதி நம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் சின்னதாக ஒரு விழா. இருபது நாற்காலி, ஒரு ஸ்பீக்கர், கையில் பிடிக்கிற ஒயர் இல்லாத மைக். புஷ்பவள்ளி பட்டுப்புடவையில் வந்து, ரிப்பனை வெட்டி, "நாலு புள்ளைங்க நமக்காக இலவசமா செஞ்சு குடுத்திருக்காங்க. நானே போட்டுக் காட்டறேன் பாருங்க" என்று மைக்கோடு நாலாவது கதவுக்குள் போனார். ஏன் நாலாவதற்குப் போனார் என்றால், அதற்குத்தான் மாலை போட்டிருந்தார்கள்.

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. கை தட்டல். அப்புறம் தாழ்ப்பாளை ஆட்டுகிற சத்தம். அப்புறம் ஸ்பீக்கரில் தலைவர் குரல்.

"ஏ மாலதி. இது வர மாட்டேங்குதே."

கம்பி முழுசாகச் சுவருக்குள் போய்விட்டது. பிடித்து இழுக்கிற குமிழ் பட்டையில் சிக்கிக்கொண்டது. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, கீலும் உள்ளே. வெளியே இருந்து செய்ய ஒன்றுமில்லை. யாரோ கடப்பாறை எடுத்துவர ஓடினார்கள். சிலம்பரசன் ட்ரில்லிங் மிஷினைப் பையில் ஒளித்துவைத்தான்.

"ஒடைக்கவா தலைவரே?" என்று ஒருவர் கத்தினார்.

"ஒடச்சீன்னா நீதான் புதுக் கதவு வாங்கணும்" என்றது ஸ்பீக்கர்.

ஓடிவிடலாமா என்றுகூட மாலதிக்கு ஒரு நொடி தோன்றியதாகப் பின்னால் சொன்னாள். அதற்குள் ஜெய்னப் ஒரு நாற்காலியைக் கதவுப் பக்கம் போட்டு, பையிலிருந்து திருப்புளியை எடுத்து அவள் கையில் திணித்தாள். கதவுக்கு மேலே ஒரு முழம் இடைவெளி இருந்தது. மாலதி நாற்காலியில் ஏறி, எட்டிப் பார்த்து, திருப்புளியை உள்ளே நீட்டினாள்.

"அக்கா, இதப் புடிங்க. மைக்க ஜன்னல்ல வச்சிடுங்க."

புஷ்பவள்ளி வைத்தார். ஆனால் அணைக்கவில்லை. அதனால் அதற்கப்புறம் நடந்த பேச்சு முழுக்க ஊருக்கே கேட்டது.

"தாழ்ப்பாள் பட்டையில நாலு ஸ்க்ரூ இருக்கா அக்கா?"

"இருக்கு."

"மேல இருக்கறதுல திருப்புளிய வச்சு, நல்லா அழுத்தி, இடது பக்கம் திருகுங்க."

"எனக்கு இடதா, ஒனக்கு இடதா?"

மாலதி ஒரு நொடி யோசித்தாள். "தாலி முடிச்சுப் போட்ட கை எது, சாப்பிடற கை எது அக்கா?"

"தாலி அவரு போட்டாரு. நான் எந்தக் கையாலயும் போடல."

வெளியே சிரிப்பு. மாலதியும் சிரித்துவிட்டாள். அதில் பயம் போய்விட்டது.

"சரி. ஊறுகா பாட்டில் மூடிய எப்படித் தெறப்பீங்க? அப்டியே திருகுங்க."

"அட. சுத்துது!"

"அழுத்திக்கிட்டே சுத்துங்க. அவசரம் வேணாம்."

"எனக்கு என்ன அவசரம், எடம் நல்லா சுத்தமா இருக்கு" என்றார் புஷ்பவள்ளி. "ஏய், யாரு இந்தச் செவுத்துல பேரு எழுதினது? வெளிய வந்து வச்சிக்கறேன்." வெளியே நின்ற கூட்டத்தில் இரண்டு பெண்கள் மெதுவாக நழுவினார்கள்.

முதல் ஸ்க்ரூவுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இரண்டாவதற்கு மூன்று. மூன்றாவது கழன்று கால் பக்கம் எங்கோ விழுந்தது. "அத விடுங்க அக்கா, தேடாதீங்க, கீழ குனியாதீங்க" என்று மாலதி கெஞ்சினாள். நாலாவது ஸ்க்ரூவுக்கு ஊரே எண்ணியது. கதவு திறந்தபோது புஷ்பவள்ளி ஒரு கையில் திருப்புளியும் இன்னொரு கையில் பட்டையும், பட்டுப்புடவை முழுக்க சுண்ணாம்புத் தூளுமாக வெளியே வந்தார். மாலதி கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்டையைக் கீழே போட்டுவிட்டு, ஜன்னலில் இருந்த மைக்கை எடுத்தார். "தாழ்ப்பாள் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு. வெளியேருந்து எந்த ஆம்பளையாலயும் தெறக்க முடியாது, அத நானே இருந்து பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "மாலதி, மீதி மூணுல என்னத்த வச்சிருக்கே?"

யாரோ எடுத்த வீடியோ மத்தியானத்துக்குள் புவனகிரி வந்து சேர்ந்தது. அமராவதி அதை மூன்று தடவை பார்த்தாள். மாலதி வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"ஆறு வருஷமா ஊருக்குச் சொல்ல ஒரு பதில் வச்சிருந்தேன். இன்னிக்கு மளிகைக் கடைல நிக்கறேன், ஒங்க பொண்ணு கக்கூஸ் ரிப்பேராங்கறான்."

"நீ என்ன சொன்னே?"

அமராவதி குழம்பைக் கிளறினாள். "ஆமான்னேன். வேற என்னடி சொல்றது? ஒங்க வீட்லயும் இருந்தா சொல்லுங்கன்னேன்." அப்புறம் திரும்பி, "அந்த மஞ்சள் சுடிதார எதுக்குடி போட்டுக்கிட்டுப் போனே? வீடியோல அழுக்கா தெரியுது" என்றாள்.

அடுத்த வாரம் புஷ்பவள்ளி நூலகத்துக்கே வந்துவிட்டார். வீட்டில் பீரோ கைப்பிடி, ஜன்னல் கொக்கி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தானே கழட்டி மாட்டிக்கொண்டிருக்கிறாராம். "எங்கூர்ல படிச்சிட்டுச் சும்மா இருக்கற பொண்ணுங்க ஒம்போது பேரு. அதுங்களையும் சேத்துக்க" என்றார். "ஆனா விழா வேணாம். மைக்கும் வேணாம்."

சிலம்பரசன் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ட்ரில்லிங் மிஷினைத் தொடவில்லை. தன் பாவத்துக்குப் பரிகாரமாக, பேப்பரில் வருகிற வேலை விளம்பரங்களை மற்றவர்களுக்காகக் கத்தரித்துக் கொடுத்தான். அப்படி ஒன்றில்தான் கடலூரில் இன்வெர்ட்டர் விற்கிற ஒரு கம்பெனி ஆள் தேடியது. மாலதி போனாள். மேனேஜர் திருநாவுக்கரசு அவள் சர்டிஃபிகேட்டுகளைப் புரட்டிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எக்ஸ்பீரியன்ஸ்?"

மாலதியிடம் சொல்ல வேறெதுவும் இல்லை. ஜெய்னப்பின் நோட்டை எடுத்து நீட்டினாள். அவர் இரண்டு பக்கம் படித்தார்.

"இதென்ன செவப்பு மை?"

"அதெல்லாம் நாங்க கெடுத்தது சார்."

அவர் மேலும் நாலு பக்கம் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, "இந்தத் தலைவரம்மா இதுக்கு முன்னாடி ஸ்க்ரூ கழட்டினதே இல்லையா?" என்றார்.

"இல்ல சார்."

"நீங்க வெளிய நின்னு வாயாலயே சொன்னீங்க?"

"வேற வழி இல்ல சார்."

அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், அங்கிருந்து அவள் ஃபோனுக்குக் கூப்பிட்டார். "நான் கஸ்டமர். இன்வெர்ட்டர் பீப் பீப்னு கத்துது. எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லுங்க."

"மொதல்ல கை ஈரமா இருக்கான்னு பாருங்க சார். கால்ல செருப்பு இருக்கா? கொழந்தைங்க பக்கத்துல இருந்தா அந்தாண்ட போகச் சொல்லுங்க."

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "செருப்பு வெளிய விட்டிருக்கேன்" என்றார்.

"போட்டுக்கிட்டு வாங்க சார், நான் லைன்ல இருக்கேன்."

உண்மையிலேயே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார். கஸ்டமர்களோடு ஃபோனில் பேசி, சின்னக் கோளாறுகளை அவர்களையே சரிபண்ண வைக்கிற வேலை. பாதிப் புகார்கள் ஆள் போகாமலே தீர்கின்றன என்று அவர் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். "தங்கச்சி, ஒங்ககிட்ட பேசினா எனக்கே ஏதோ தெரியற மாதிரி இருக்கு" என்று பண்ருட்டியில் ஒரு கஸ்டமர் காரணமே இல்லாமல் வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறார்.

மற்றவர்கள் கதை எல்லாம் ஒரே மாதிரி முடியவில்லை. லூர்துசாமிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது. இப்போதும் அதிகம் பேசுவதில்லை. சிலம்பரசன் ஒரு எலக்ட்ரிக் கடையில் சேல்ஸில் இருக்கிறான். எந்த ஸ்க்ரூவுக்கு என்ன பெயர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். வாங்கினவர்களிடம், "மாட்டறதுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்குங்க" என்று நேர்மையாகச் சொல்லியும் விடுகிறான். புஷ்பவள்ளி அனுப்பிய ஒன்பது பேரில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். ஒருத்தி குரூப் ஃபோர் பாஸ் பண்ணிப் போய்விட்டாள். ஜெய்னப்புக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. சவுதியில் இருக்கும் அண்ணன் வாரா வாரம் கேட்கிறான். குழுவை இப்போது அவள்தான் நடத்துகிறாள். வேலை கிடைக்கும் வரைக்கும் என்கிறாள், கிடைத்தபிறகும் விடமாட்டாள் போலத்தான் தெரிகிறது.

போன மாசம் ஒரு பள்ளியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டே இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மாலதிக்கு அன்றைக்கு லீவு, ஆசையாகப் போனாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தபோது, புஷ்பவள்ளி ஊரிலிருந்து வந்த பிரிசில்லா என்ற பெண் தடுத்தாள்.

"அக்கா, நீங்க ஏறாதீங்க. ஒங்களுக்கு ஃபோன்ல பேசிப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். ஏணியப் புடிச்சுக்குங்க, போதும்."

மாலதி ஜெய்னப்பைப் பார்த்தாள். ஜெய்னப் நோட்டைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் மாலதி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கீழே இருந்தபடி, "மொதல்ல அந்த வால்வ மூடிக்க" என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா" என்று மேலிருந்து குரல் வந்தது. கூடவே ஒரு வாளி அளவுக்குத் தண்ணீரும் வந்தது.